நண்டு வளையைப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,
முதல் மழை வெள்ளம் வந்த கையோடு வட்டுவாகல் பாலத்தடியில் திரளி செத்து மிதந்தது. விடியப்புறம் பார்த்தபோது உயிரோடு இருந்தவை மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அக்கரை ஆட்கள் நஞ்சு போட்டதாகச் சொல்கிறார்கள். இரண்டு மீனை ஐஸில் வைத்திருக்கிறேன். எங்கே பரிசோதிக்கலாம்? செத்ததைச் சமைக்கலாமா?
— ஒரு வாசகர், முள்ளிவாய்க்கால்

தம்பி,

செத்து மிதந்ததைச் சமைக்க வேண்டாம். அக்கரைக் கதையையும் விடுங்கள். கையில் ஆதாரம் இல்லாமல் ஒரு ஊரையே கள்ளராக்குவது எந்த விதத்தில் நியாயம்?

உங்கள் கடிதத்தில் பெறுமதியான வரி, மீன் வாயைப் பிளந்துகொண்டு நின்றதுதான். பெரும்பாலும் அது ஒட்சிசன் குறைவு. ஐஸில் வைத்த மீனில் களைகொல்லி தேடலாம், போன ஒட்சிசனைத் தேட முடியாது. அதைத் தண்ணீரில்தான் அளக்க வேண்டும், அதுவும் சூரியன் எழும்ப முன். பகலில் ஒட்சிசன் விடுகிற பாசி இரவில் தானே அதைக் குடிக்கும். பத்து மணிக்கு லீற்றருக்கு 6 மில்லிகிராம் காட்டுகிற தண்ணீர், ஐந்தரைக்கு 2க்குக் கீழே கிடந்திருக்கலாம். பேராற்றோடு வயல் உரமும் அழுகலும் நந்திக்கடல் கடலேரிக்குள் இறங்குகிற நாளில் முகத்துவாரம் மணலால் மூடிக் கிடந்தால் கேட்கவே வேண்டாம். நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட இல்லை. கடல் வந்து கழுவித் தராது.

ஆனால் செத்ததை மட்டும் எண்ணுகிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சாகாதது பிழைத்தது என்று யார் சொன்னது? நியூ ஜேர்சியில் பைல்ஸ் கிறீக் என்றொரு அழுக்குக் கழி. அங்கே ஜூடித் வைஸ் குழுவினர் ஆராய்ந்த சிறுமீன்கள் சாகவில்லை. மந்தமாகி, இரை பிடிக்க ஏலாமல், சேற்றுக் குப்பையைத் தின்றன. அவை தின்றிருக்க வேண்டிய சின்ன இறாலோ பெருத்துப் பெருகியது. நந்திக்கடல் இறாலை நிறுத்துப் பார்த்தே கடல் நல்லாயிருக்கு என்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நடத்தையைப் பார்க்க நண்டு போதும். ஒற்றைக் கொடுக்குப் பெருத்த சின்னச் சேற்று நண்டைத்தான் சொல்கிறேன். 1969 செப்டெம்பரில் மசாசூசெற்ஸின் வெஸ்ற் ஃபல்மத் கரையில் புளோரிடா என்ற எண்ணெய்ப் படகு தரைதட்டியது. ஏழு வருடம் கழித்தும் அங்கே நண்டுகள் தள்ளாடின. வளையை ஆழமாகத் தோண்டாமல் குளிரில் செத்தன. நாற்பது வருடம் ஆகப்போகிற நேரத்திலும் நேரே இறங்கின வளை, மண்ணுக்குள் கிடந்த எண்ணெய்ப் படையைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பியது.

இதை நீங்களும் பார்க்கலாம். வளைக்குள் பிளாஸ்டர் ஊற்றி, இறுகினதும் வார்ப்பாக எடுத்து ஆழத்தை அளவுங்கள். இரண்டு இடம் வேண்டும். கழிவு எஞ்சின் ஒயில் ஊற்றுகிற இறங்குதுறை ஒன்று, ஒயில் படாத சதுப்புநிலக் கண்ணா மரத்தடி ஒன்று. சேறும் உப்பும் ஒன்றாக இருக்க வேண்டும், தண்ணீர் மட்டத்திலிருந்து உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். மேட்டு நண்டு தண்ணீரைத் தேடி எப்படியும் ஆழமாகத்தான் போகும். அதைச் சுத்தத்தின் அடையாளம் என்று எழுதிவிடாதீர்கள். வாய் ஒரு விரல் அகலமான வளைகளை மட்டும் எடுங்கள், பெரிய நண்டின் வளை பெரிதாகத்தான் இருக்கும். இடத்துக்குப் பத்து போதும். உள்ளே நண்டு இருந்தால் அதுவும் அகப்பட்டுச் சாகும். வெளியே வரும்வரை அசையாமல் இருந்துவிட்டு ஊற்றுவது நல்லது.

பிளாஸ்டர் ஒஃப் பரிஸ் இரண்டு கோப்பை, நல்ல கிணற்றுத் தண்ணீர் ஒரு கோப்பை. கடலேரித் தண்ணீரில் கரைக்க வேண்டாம், உப்புப் பட்டால் சுறுக்காக இறுகி வாயிலேயே அடைத்துக்கொள்ளும். பிறகு அரைச் சாண் கட்டியைப் பார்த்து "ஐயோ, வளை ஆழமில்லை" என்று எனக்கு எழுதுவீர்கள். ஒரு ஓரமாக மெல்லிசாக விடுங்கள், உள்ளே இருக்கிற தண்ணீரும் காற்றும் மற்ற ஓரத்தால் வெளியேறட்டும். ஒரு மணித்தியாலம் விட்டு, சுற்றிவர அகலமாகத் தோண்டுங்கள். பிடித்து இழுத்தால் கழுத்தில் முறியும், முறிந்ததற்கு ஆழம் எழுத முடியாது.

நிழல் விழுந்தால் நல்ல நண்டு அந்தக் கணமே வளைக்குள். மந்தமானது நின்று யோசிக்கும், அதற்குள் கொக்கு கொத்திவிடும். அந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விடியப்புறம் போய் நின்று பார்த்திருக்கிறீர்கள், அந்தக் கண் எல்லாருக்கும் வாய்க்காது. வார்ப்புகளை அடிமட்டத்தோடு படம் எடுத்து அனுப்புங்கள். மீனை அனுப்ப வேண்டாம்.