சிபிஎல் (வணிக விமானி உரிமம்) கையில், ஏ320 ரேட்டிங்கைச் சொந்தக் காசில் எடுக்கலாமா?

விமான நிறுவனங்களிடமிருந்து அழைப்பு வரவில்லை, வீட்டை அடமானம் வைத்து ஏ320 டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டத் தேவையான தனித் தகுதி) எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக் கடிதம் இல்லாமல் எடுக்காதீர்கள்.

ரேட்டிங் இல்லாததால்தான் அழைப்பு வரவில்லை என்கிறீர்கள். 200 மணி நேரம் பறந்த அனுபவத்தோடு உங்களைப் போலவே பலர் நிற்பதுதான் காரணமாக இருக்கும். ரேட்டிங் வாங்கினால் வேறு வரிசையில் நிற்பீர்கள், அவ்வளவுதான்.

இண்டிகோ, ஏர் இந்தியா விளம்பரங்களில் 'டைப் ரேட்டட்' பகுதியைப் பாருங்கள். அந்த ரக விமானத்தில் பறந்த மணி நேரம் கேட்கிறார்களா? சிமுலேட்டர் பயிற்சி அதற்கு ஈடாகாது.

அப்புறம், ஆகாசா விமான நிறுவனத்திடம் இருப்பது போயிங் 737 மேக்ஸ். ஏ320 ரேட்டிங்கை வைத்து அதை ஓட்ட முடியாது. ரேட்டிங் எடுத்துவிட்டுப் பறக்காமல் சும்மா இருந்தாலும் மறுபடி சிமுலேட்டருக்குப் பணம் கட்ட வேண்டிவரும்.

வேலை உறுதியாகி, பயிற்சிச் செலவு மட்டும் உங்கள் தலையில் என்றால் சரி, கணக்கே வேறு.