சிம்னி சுத்தம் செய்ய 9,000 ரூபாயா, 38,000 ரூபாயா?

கேள்வி: குன்னூரில் 15 வருஷமாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். காலையில் டிபன், ராத்திரி பரோட்டா, சிக்கன் வறுவல். அடுப்புக்கு மேலே புகையை இழுக்கிற ஹூட்டின் ஃபில்டரைப் பையன்கள் வாரம் ஒரு தடவை கழற்றிக் கழுவுகிறார்கள். அதிலிருந்து கூரைக்குப் போகிற புகைக்குழாயை, அதாவது டக்ட்டை மட்டும் நான்கு வருஷமாக யாரும் திறக்கவில்லை. இப்போது அடுப்புக்கு மேலே எண்ணெய் சொட்டுகிறது. போனில் போட்டோ பார்த்த ஒருவர் 9,000 ரூபாய் என்றார். கோவையிலிருந்து வந்தவர் கூரை ஏறிப் பார்த்துவிட்டு 38,000 கேட்கிறார். மலை என்பதால் நாலு மடங்கா?

பதில்: விலைக்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சுத்தம் முடியும்வரை வறுவலையும், தீ எழும்பும் சமையலையும் நிறுத்திவையுங்கள். தீ ஃபில்டரைத் தாண்டி மேலே ஏறிவிட்டால் டக்ட்டுக்குள் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு முழுக்கப் பற்றிக்கொள்ளும். குன்னூர், ஊட்டிப் பக்கம் பழைய கட்டடங்களில் மர மச்சு நிறைய. உங்கள் டக்ட் அதை ஒட்டிப் போகிறது என்றால் எனக்கு நினைக்கவே பயமாக இருக்கிறது.

சரி, விலைக்கு வருவோம். கூரை ஏறிப் பார்த்தார் என்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இந்த வேலைக்கான பணம் கண்ணுக்குத் தெரிகிற ஹூட்டில் இல்லை. டக்ட்டின் வளைவிலும், படுக்கைவாட்டில் போகிற பகுதியிலும், கூரைமேல் இருக்கிற ஃபேனிலும்தான் இருக்கிறது. நம் மலையில் இது இன்னும் மோசம். சுவருக்கு வெளியே குளிரில் நிற்கிற தகரத்தில் சூடான எண்ணெய் ஆவி பட்டதும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். போட்டோவில் இதெல்லாம் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிக்கடி சுத்தம் செய்கிற சிம்னி என்றால், இரண்டு பேர் ராத்திரி 11 மணிக்கு ஆரம்பித்துக் காலை 5 மணிக்குள் முடித்துவிடலாம். அது 12 ஆள்மணி. நான்கு வருஷப் பிசுக்குக்கு மருந்து அடித்து, ஊறவிட்டு, சுரண்டி, சுடுதண்ணீர் அடித்து, மறுபடி மருந்து அடிக்க வேண்டும். நான்கு பேர் இரண்டு ராத்திரி நின்றால் 48 ஆள்மணி. அந்த நாலு மடங்கு இங்கிருந்துதான் வருகிறது. 9,000 என்றவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். சுத்தமாக இருக்கிற சிம்னிக்கான விலையை அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பணத்துக்கு உங்கள் டக்ட்டைச் சுரண்ட அவருக்குக் கட்டுப்படியாகாது.

என் தம்பி ஊட்டியில் மெஸ் நடத்தியபோது இதே மாதிரி மலிவாக ஒருவரைக் கூப்பிட்டோம். ஹூட்டைக் கண்ணாடி மாதிரித் துடைத்துக் கொடுத்தார். நானும் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். மூன்று மாதத்தில் ஃபேன் நின்றுவிட்டது. கழற்றினால் இறக்கை எது, பிசுக்கு எது என்றே தெரியவில்லை. மேலே யாருமே ஏறவில்லை. மோட்டாருக்குக் கொடுத்த பணத்தில் ஒழுங்கான வேலையையே வாங்கியிருக்கலாம்.

அதற்காக 38,000-ஐ அப்படியே கொடுக்கச் சொல்லவில்லை. பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஆள்மணிக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட 48 மணிக்கு 19,200 ஆகிறது. மிச்சம் 18,800 எதற்கு என்று கேட்கலாம். வண்டி, தங்கல், மருந்து என்று சொல்வார். டக்ட்டில் கை நுழைய ஆங்காங்கே வெட்டிக் கதவு வைக்க வேண்டியிருக்கும். அது எத்தனை, ஒன்றுக்கு எவ்வளவு என்று எழுதட்டும். அந்தக் கதவுகள் ஒருதடவைச் செலவுதான், அடுத்த தடவை அவற்றைத் திறந்தே வேலை செய்யலாம். 18 சதவீத ஜி.எஸ்.டி. இதற்குள்ளா வெளியிலா என்பதும் முன்பே தெரிய வேண்டும். தண்ணீர் யார் பொறுப்பு என்றும் கேளுங்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டி வந்தால் அது தனிச் செலவு. சுரண்டிய பிசுக்கை டிரம்மில் எடுத்துக்கொண்டு போவாரா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஓடையில் தள்ள விடாதீர்கள். கீழே அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஃபில்டர் அலுமினியம் என்றால் காஸ்டிக் சோடா கலந்த மருந்து அதை அரித்துக் கறுப்பாக்கிவிடும். எஃகா அலுமினியமா என்று அவரே கேட்டால் வேலை தெரிந்தவர் என்று அர்த்தம்.

ஹூட், ஃபில்டர், டக்ட் முழு நீளம், ஃபேன் எல்லாவற்றிலும் தகரம் தெரியும்வரை சுத்தம் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் எடுத்த போட்டோ தர வேண்டும், கடைசித் தவணைப் பணம் அதற்கப்புறம்தான். இன்னொன்றையும் இப்போதே பேசிவிடுங்கள்: ஆறு மாதம் கழித்து இதே சிம்னிக்கு அவர் என்ன விலை கேட்பார்? முதல் தடவை 38,000 வாங்குகிறவர் இரண்டாம் தடவைக்கும் அதையே கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானலுக்குப் போய் ஹோட்டல் சிம்னி சுத்தம் செய்கிறேன். மூன்று பேர் வேலை செய்கிறார்கள். ஹூட் நீளத்தை அளந்து ரேட் சொன்னால் பிசுக்கு அதிகமான இடத்தில் நஷ்டம். கூடக் கேட்டால் சண்டை.

பதில்: அளந்து சொல்வது தப்பில்லை, நீளத்தை மட்டும் அளப்பதுதான் தப்பு. கையில் ஸ்கிராப்பர் எடுத்துப் போங்கள். டக்ட்டில் மோசமான இடமாகப் பார்த்து ஓர் அடியைக் கடைக்காரர் முன்னாலேயே சுத்தம் செய்து காட்டுங்கள், எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று அவரே கடிகாரத்தைப் பார்க்கட்டும். மொத்த அடிக் கணக்கை அவரே பெருக்கிக்கொள்வார். பிசுக்கின் கனத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தீத்தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ. ஹோட்டல் சமையலறைப் புகைபோக்கிக்கு வைத்திருக்கிற 96-ஆம் எண் தர விளக்கத்தில் 2,000 மைக்ரான், அதாவது 2 மில்லிமீட்டர் சேர்ந்தாலே டக்ட்டைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று இருக்கிறது.

திறந்து பார்க்க முடியாத டக்ட் என்றால் ஒரே விலை சொல்லாதீர்கள். மணிக்கணக்கில் ரேட் சொல்லி, இந்தத் தொகைக்கு மேல் போகாது என்று உச்சவரம்பையும் எழுதிக் கொடுங்கள். அது அவருக்கும் நிம்மதி. ஏப்ரல், மே சீசனில் எந்த ஹோட்டலும் அடுப்பை அணைக்காது. மார்ச்சுக்குள் ஒரே வாரத்தில் இரண்டு, மூன்று கடைகளைச் சேர்த்துப் பிடித்தால் மலை ஏறுகிற வண்டிச் செலவைப் பங்கு போடலாம்.

கேள்வி: ஊட்டியில் விறகு அடுப்பில் வர்க்கி போடுகிறோம். எண்ணெய்ச் சமையல் கிடையாது. எங்களுக்கும் இது தேவையா?

பதில்: உங்களுக்குத்தான் அடிக்கடி தேவை. விறகில் கரியும் தாரும் படிகிறது, தீப்பொறியும் மேலே போகிறது. நான் சொன்ன அதே தரம் விறகு, கரி அடுப்புக்கு மாதம் ஒரு தடவை பார்க்கச் சொல்கிறது. அதிகச் சமையலுக்கு மூன்று மாதம், நடுத்தரத்துக்கு ஆறு மாதம். நம் நாட்டில் இது சட்டம் இல்லை, ஆனால் நல்ல அளவுகோல்.

கேள்வி: சிம்னி சுத்தம் செய்ய வந்தவர் பணம் வாங்கிக்கொண்டு அரைகுறையாகச் செய்துவிட்டுப் போய்விட்டார். கடைக்காரர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியுமா?

பதில்: வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் நுகர்வோர் ஆக மாட்டீர்கள். சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலாக நடத்துகிறவர் வாங்கிய பொருளுக்கு அதில் விலக்கு இருக்கிறது; சேவைக்கு அப்படி எழுதியிருக்கவில்லை, அதனால் உங்களுக்குப் பொருந்துமா என்று வக்கீலிடம் கேளுங்கள். மனு போடுவதானால் சுயதொழில் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். கொடுத்த பணம் 5 லட்சம்வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். பில்லும் போட்டோவும் கையில் இருக்கிறதா? இல்லை என்றால் இன்றைக்கே யாரையாவது கூரைக்கு ஏற்றி ஃபேனை, தேதி தெரிகிற மாதிரி, போட்டோ எடுத்து வையுங்கள்.