சட்டைப்பையில் ஒரு மடக்குக் கத்தி: கேள்வி-பதில்

கேள்வி: முதன்முதலாக மடக்குக் கத்தி வாங்கப் போகிறேன். ஒற்றை அலகு போதுமா, பதினெட்டு கருவிகள் உள்ளதை வாங்கட்டுமா?

பதில்: ஒரு வாரம் பொறுங்கள். ‘கத்தி இருந்தால் நன்றாயிருக்கும்’ என்று எப்போதெல்லாம் தோன்றுகிறதோ, அதைக் குறித்து வையுங்கள். பார்சல் டேப், கயிறு, பழம், துணியில் தொங்கும் நூல் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அதற்கு ஆறேழு சென்டிமீட்டர் அலகு தாராளம். நான் முதலில் வாங்கியதில் ரம்பம், மீன் செதில் சுரண்டி, பூதக்கண்ணாடி எல்லாம் இருந்தன. கனம் தாங்காமல் நாலே மாதத்தில் மேசை டிராயருக்குப் போய்விட்டது. அதுவரை நான் தொட்டது பெரிய அலகையும் கத்தரிக்கோலையும்தான். 1897-இல் கத்தித் தயாரிப்பாளர் கார்ல் எல்செனர் சுவிஸ் ராணுவ அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்தபோது, படைவீரர் கத்தியோடு கூடுதலாகச் சேர்த்தது ஒரு சின்ன அலகும் தக்கைத் திருகியும்தான்.

கேள்வி: பெயிண்ட் டப்பா மூடியை நெம்பினேன், முனை ஒடிந்துவிட்டது. வாரண்டியில் மாற்றித் தருவார்களா?

பதில்: மாட்டார்கள். கேட்கவும் கேட்காதீர்கள்.

கேள்வி: அப்பாவின் பணி ஓய்வுக்கு ‘டமாஸ்கஸ்’ கத்தி என்று நம்பி ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தேன். உப்புத்தாளால் தேய்த்ததும் அலை அலையான கோலம் அழிந்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் தாங்கவில்லை.

பதில்: ஆசையாக வாங்கிக் கொடுத்த பொருளில் இப்படி நடந்தால் யாருக்கும் வலிக்கும். ஆனால் புகார் கொடுக்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். உண்மையான டமாஸ்கஸ் என்பது இருவகை எஃகை மாறி மாறி அடுக்கி, காய்ச்சி அடித்து ஒன்றாக்கியது. அதிலும் தேய்த்தால் கோலம் மங்கும், ஆனால் அமிலம் பட்டால் திரும்ப எழும். கத்தி செய்கிற ஒருவரிடம் கொடுத்து, தேய்த்த இடத்தில் ஃபெரிக் குளோரைடு என்னும் அமிலக் கரைசலைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் சாம்பல் நிறமாகவே நின்றால் அது லேசரில் வரைந்த கோலம். உடனே விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, ‘சொன்ன பொருள் இதுவல்ல’ என்று எழுத்தில் புகார் கொடுத்து முழுப் பணத்தையும் கேளுங்கள். தள்ளுபடிக் கூப்பனுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இதையொட்டி எனக்கு வெகுநாளாக ஒரு கோபம் உண்டு. அந்த விளம்பரத்தில் எஃகின் பெயர் இருந்ததா? இருந்திருக்காது. ‘சர்ஜிகல் ஸ்டீல்’, ‘மிலிட்டரி தரம்’ என்று போட்டிருப்பார்கள். இரண்டுமே எஃகின் பெயரல்ல. வகையைக் காட்டும் எழுத்தை விட்டுவிட்டு, 440 என்று எஃகின் எண்ணை மட்டும் போடுவதும் ஏய்ப்புதான். 440ஏ-வில் கார்பன் 0.75 சதவீதத்தைத் தாண்டாது, 440சி-யில் 0.95-க்குக் குறையாது. கூர் எத்தனை நாள் நிற்கும் என்பதே அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது. டி2 எஃகு என்று சொன்னால், கூர் நிற்கும், ஆனால் ஈரத்தோடு மடக்கினால் துருப் புள்ளி விழும் என்று வாங்குபவருக்குப் புரியும். 14சி28என் என்றால் துரு எளிதில் பிடிக்காது, தீட்டுவதும் சுலபம். இரண்டு மூன்று எழுத்து அச்சிட ஒரு செலவும் இல்லை. நல்ல எஃகைப் போட்டவர் அதை மறைக்கவே மாட்டார். பெயர் சொல்லாத கத்தியை நான் கையால் தொடுவதில்லை, நீங்களும் தொடாதீர்கள்.

கேள்வி: லாக் உள்ள கத்திதான் பாதுகாப்பு என்கிறார்களே?

பதில்: திறந்த அலகை மடங்காமல் பிடித்து நிறுத்தும் அந்த லாக் சரியாக விழுந்தால்தான். என் ஆள்காட்டி விரலில் மூன்று தையல் போட்ட தழும்பு இருக்கிறது. தடித்த அட்டையில் முனையைக் குத்தி அழுத்தினேன், லாக் நழுவி அலகு விரல்மேல் மடங்கியது. பிறகுதான் பார்த்தேன், அலகின் அடிப்பகுதியைத் தாங்க வேண்டிய தகடு ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வாங்கும்போது அலகைத் திறந்து அந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு, முதுகுப் பக்கம் மெல்ல அழுத்துங்கள். துளி அசைந்தாலும் வேண்டாம். எடுத்துச் செல்லும் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனில் தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்க முடிவது, 3 அங்குலத்துக்கு மிகாத, லாக் இல்லாத மடக்குக் கத்தி மட்டும்தான்.

கேள்வி: விமான நிலையத்தில் கைப்பையிலிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்கள். புகார் செய்யலாமா?

பதில்: எதற்கு? செக்-இன் பெட்டியில் போட்டிருக்க வேண்டும். எத்தனை முறைதான் எழுதுவது!

கேள்வி: பள்ளத்தில் விட்டு இழுத்தால் கூராகும் கருவி வாங்கினேன். இரண்டே நாளில் திரும்ப மழுங்கிவிடுகிறது.

பதில்: அதன் கார்பைடு பற்கள் கூரைத் தீட்டுவதில்லை, சுரண்டி எடுக்கின்றன. ஆயிரம் கிரிட் (கல்லின் சொரசொரப்பு அளவு) சாணைக்கல் ஒன்று வாங்குங்கள். கூர் ஓரம் முழுக்க மார்க்கர் பேனாவால் மை பூசி, ஒருமுறை கல்லில் இழுத்துப் பாருங்கள். நுனியோரத்தில் மட்டும் மை போனால் கத்தியை நிமிர்த்திப் பிடித்திருக்கிறீர்கள், மேலே மட்டும் போனால் படுக்க வைத்திருக்கிறீர்கள். மை முழுக்கப் போகும் சாய்வு கிடைத்ததும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை தேய்த்துவிட்டு மறுபக்கம் திருப்புங்கள்.

கேள்வி: திறக்கவே வரவில்லை. சமையல் எண்ணெய் விட்டேன், இன்னும் இறுகிவிட்டது.

பதில்: அந்த எண்ணெய் நாளாக நாளாகப் பிசின்போல் ஆகி, சட்டைப்பைப் பஞ்சையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வெந்நீர், சோப்பு, பழைய டூத்பிரஷ் கொண்டு மூட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். மரப்பிடி என்றால் ஊறவைக்கக் கூடாது. நன்றாக உலர்ந்தபின் தையல் மெஷின் எண்ணெய் ஒரே சொட்டு விட்டு, பத்து முறை மெதுவாகத் திறந்து மூடுங்கள்.