ரேட்டிங் பார்த்து ஊர் தேடும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். இங்கிலாந்து வந்து மூன்று வாரம், மனைவிக்கு ஐந்தாவது மாதம், வாடகைக்கு வீடு பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிகளின் ரேட்டிங், காத்திருப்பு நேரம், போலீஸ் வெளியிடும் குற்ற வரைபடம் எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டு மூன்று ஊர்களை ஒப்பிட்டு வைத்திருக்கிறீர்கள். எந்த ஊர் நல்லது என்று கேட்கிறீர்கள். கூடவே கார் இன்சூரன்ஸ், கேஸ் பில், பிராட்பேண்ட்.

கடைசி மூன்றையும் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊர் விஷயத்தில், வேலைக்குப் போக எது பக்கமோ அதை எடுங்கள். ஆனால் அந்த எக்செல்லைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது. அந்த எண்களின் உள்ளே நானும் இருந்திருக்கிறேன், நோயாளியின் மனைவியாக ஒரு தடவை, அப்புறம் வார்டு கிளார்க்காகப் பல வருஷம்.

நாங்கள் வந்தது 2004 கடைசியில். அடுத்த குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம் என் கணவருக்கு அடிவயிற்றில் தாங்க முடியாத வலி. அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனோம். ரெசெப்ஷனில் பெயர் கொடுத்தபோது ஏழு மணி தாண்டியிருந்தது. நீல பிளாஸ்டிக் நாற்காலியில் குனிந்தே உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. மணி பதினொன்று ஆகப் போகும்போது ஒரு நர்ஸ் வேகமாக வந்து, சக்கர நாற்காலியில் ஏற்றி, இரண்டு கதவு தாண்டி வேறு பெயர்ப்பலகை போட்ட ஓர் அறைக்குக் கொண்டுபோனார். அப்பாடா, இனி பார்ப்பார்கள் என்று நினைத்தேன். டாக்டர் வந்தது விடிகாலை மூன்றரைக்கு. மறுநாள் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்தது, நல்லபடியாக வீடு வந்தோம்.

அந்த இரவில் என்ன நடந்தது என்பது 2008 இல் வேறோர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. அப்போது இருந்த இலக்கு, அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் 98 சதவீதம் பேர் நான்கு மணி நேரத்துக்குள் அட்மிட் ஆகவோ, வேறிடம் மாற்றப்படவோ, வீட்டுக்கு அனுப்பப்படவோ வேண்டும். டாக்டர் பார்த்தாரா என்பது அந்தக் கணக்கில் கிடையாது. அந்தப் பிரிவை விட்டு வெளியே போனால் கடிகாரம் நிற்கும். என் கணவரின் கடிகாரம் அந்த இரண்டாவது கதவில் நின்றது. டிஸ்சார்ஜ் தாளைக் கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்தேன்: வந்த நேரம் 19:04, பிரிவை விட்டுப் போன நேரம் 22:58. அரசுக் கணக்கில் நாங்கள் வெற்றி.

அந்த நர்ஸைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்றே முக்கால் மணி நேரம் ஆனதும் மேலேயிருந்து போன் வரும் நெருக்கடியை நானே பார்த்திருக்கிறேன். அதே சமயம், இலக்கே வேண்டாம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அது வருவதற்கு முன்னால் ஜனங்கள் ராத்திரி முழுக்க டிராலியில் கிடந்தார்கள் என்று பழைய நர்ஸுகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2010 இல் அது 95 சதவீதமாகக் குறைந்தது. 2015 ஜூலைக்குப் பிறகு இங்கிலாந்து முழுவதற்குமாக ஒரு மாதம்கூட அந்த 95 எட்டப்படவில்லை. அதனால் உங்கள் எக்செல்லில் எந்த ஊர் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதற்கு முன்னால், கடிகாரம் எங்கே ஓடத் தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். "12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவர்கள்" என்று இரண்டு எண் இருக்கிறது. ஒன்று, அட்மிட் செய்யலாம் என்று முடிவெடுத்த நேரத்திலிருந்து எண்ணுவது. மற்றது, வாசலில் நுழைந்த நேரத்திலிருந்து எண்ணுவது. இந்த இரண்டாவதை அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மாதாமாதம் வெளியிடத் தொடங்கியதே 2023 இல்தான். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நீங்கள் ஓர் ஊருக்கு முதலாவதையும் இன்னோர் ஊருக்கு இரண்டாவதையும் எடுத்து வைத்திருக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

நம் பகுதிக் குடும்ப டாக்டரான ஜி.பி.யின் கதையும் இதே மாதிரிதான். அந்தக் காலத்தில் 48 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்க முடிய வேண்டும் என்று ஓர் இலக்கு. உடனே பல கிளினிக்குகள் முன்கூட்டி நேரம் கொடுப்பதையே நிறுத்திவிட்டன. அடுத்த வாரத்துக்குக் கேட்டால் "அன்றைக்குக் காலையில் போன் செய்யுங்கள்" என்பார்கள். 2005 தேர்தல் சமயத்தில் டிவி நிகழ்ச்சியில் ஒரு பெண்மணி இதைப் பிரதமர் டோனி பிளேயரிடம் நேராகவே சொன்னார், அவருக்கு அது புதுச் செய்தியாக இருந்தது. நானும் அப்போது காலை எட்டு மணிக்குப் போனை வைத்துக்கொண்டு அரைகுறை இங்கிலீஷில் போராடிக்கொண்டிருந்தேன்.

இதைவிட உங்களை அதிகம் பாதிக்கப்போவது 18 வாரக் கடிகாரம். ஸ்பெஷலிஸ்டிடம் ஜி.பி. அனுப்பும் கடிதம் ஆஸ்பத்திரிக்குக் கிடைத்த நாளிலிருந்து, சிகிச்சை தொடங்கும் வரை. 92 சதவீதம் பேர் 18 வாரத்துக்கு உட்பட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அது 2016 தொடக்கத்தோடு கைவிட்டுப் போனது. 2023 செப்டம்பரில் காத்திருப்புப் பட்டியல் 77 லட்சத்தைத் தாண்டியது. இதில் நம் ஆட்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு, சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் சொல்கிறேன். வீடு மாறுவார்கள், ஜி.பி.யிடம் புது விலாசம் சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரிக் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும். அப்பாயின்ட்மென்டுக்கு வரவில்லை என்று பட்டியலிலிருந்து எடுத்து ஜி.பி.க்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடிகாரமும் நின்றுவிடும். திரும்ப முதலிலிருந்து. வார்டு கிளார்க்காக இருந்தபோது "எங்களை மதிக்கவே இல்லை" என்று கவுண்டரில் சத்தம் போட்ட எத்தனையோ பேருக்கு இதைத்தான் நான் விளக்கியிருக்கிறேன்.

ரேட்டிங் பற்றி: ஆஸ்பத்திரிகளைச் சோதிப்பது சி.க்யூ.சி. என்ற அமைப்பு, நான்கு தரம் கொடுக்கிறது. மொத்த ஆஸ்பத்திரிக்கும் ஒன்று இருக்கும், பிரசவப் பிரிவுக்குத் தனியாக ஒன்று இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. சோதனை நடந்த தேதியைப் பாருங்கள், சில நேரம் பல வருஷம் பழையதாக இருக்கும். தரத்தை மட்டும் பார்க்காமல் அறிக்கையையும் படியுங்கள். ஸ்டாஃபோர்டு ஆஸ்பத்திரியை நடத்திய டிரஸ்டுக்கு 2008 இல் உயர் அந்தஸ்து கிடைத்தது. நோயாளிகள் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காமல் கிடந்த காலம் அது. இலக்கிலும் பணக் கணக்கிலும் மேலிடத்தின் கவனம் போனதால் நோயாளி கண்ணில் படவில்லை என்று 2013 இல் வந்த பிரான்சிஸ் விசாரணை அறிக்கை விரிவாகச் சொன்னது. அது வந்த வாரம் எங்கள் வார்டில் யாரும் அதிகம் பேசவில்லை.

இன்னொன்று. மனைவிக்கு இங்கிலீஷ் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், இலவசம். நீங்களே பக்கத்தில் நின்று மொழிபெயர்க்காதீர்கள். அவர் உங்கள் முன்னால் சொல்லத் தயங்குவது ஏதாவது இருக்கலாம்.

சரி, போலீஸ். உங்கள் வரைபடத்தில் ஒரு தெருவில் நிறையப் புள்ளிகள் இருப்பதால் அந்தத் தெருவையே தள்ளிவிட்டீர்கள். அந்தப் புள்ளி, குற்றம் நடந்த வீட்டின் மேல் இருக்காது. ஆளை அடையாளம் காண முடியாதபடி, பக்கத்தில் முன்பே குறித்து வைத்த ஒரு பொது இடத்துக்கு நகர்த்தித்தான் போடுகிறார்கள். சூப்பர் மார்க்கெட்டோ ரயில் நிலையமோ பக்கத்தில் இருந்தால் அங்கே குவிந்து தெரியும். அதுகூடப் பரவாயில்லை. புகார் பதியாத தெரு அந்த வரைபடத்தில் சுத்தமாக இருக்கும் என்பதுதான் பெரிய விஷயம்.

2012 இல் எங்கள் வீட்டுப் பின்கதவுப் பூட்டை யாரோ கடப்பாரை போட்டு நெம்பியிருந்தார்கள். கதவுச் சட்டம் பிளந்து, மரச் சிராய் சமையலறைத் தரையெல்லாம் கிடந்தது. உள்ளே வர முடியவில்லை. போலீஸில் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "பொருள் சேதம்" என்று எழுதுவதாகச் சொன்னார். பூட்டை நெம்புகிறவன் சேதம் செய்யவா வந்தான்? திருட்டு முயற்சி என்று எழுதுங்கள் என்று நான் விடவில்லை. குற்றம் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றால், மாறாக நம்பகமான ஆதாரம் இல்லாதவரை பதிந்தே ஆக வேண்டும் என்று 2002 முதல் தேசிய விதி இருக்கிறது. அது எனக்கு அப்போது தெரியாது, பிடிவாதம் மட்டும் இருந்தது. மூன்றாம் நாள் போன் செய்து, பதிந்த பிரிவைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். பக்கத்துத் தெருவில் இருந்த நம் குடும்பம் ஒன்றுக்கும் அதே வாரம் அதே கதை. "போலீஸ் வந்து என்ன கிழிக்கப் போகிறது" என்று கதவை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். அரசுக் கணக்கில் அந்த வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ரோந்து எங்கே போக வேண்டும் என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தானே முடிவு செய்கிறார்கள்!

இரண்டே வருஷத்தில், 2014 ஜனவரியில், போலீஸ் பதியும் குற்றக் கணக்கிலிருந்து "தேசியப் புள்ளிவிவரம்" என்ற முத்திரையைப் புள்ளிவிவர ஆணையம் எடுத்துவிட்டது. அந்த நவம்பரில் போலீஸ் ஆய்வாளர் குழு வெளியிட்ட அறிக்கை, சொல்லப்பட்ட குற்றங்களில் 19 சதவீதம் பதியப்படவே இல்லை என்றது. பாலியல் குற்றங்களில் 26 சதவீதம், வன்முறையில் 33 சதவீதம். அதற்குப் பிறகு எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. ஆனால் ஓர் ஊரில் குற்றம் கூடியதாகத் தெரிந்தால், அங்கே ஒழுங்காகப் பதிய ஆரம்பித்திருக்கவும் கூடும்.

அதனால்தான் வீடு வீடாகப் போய்க் கேட்கும் ஆய்வு ஒன்று 1982 இலிருந்து நடக்கிறது. புகார் கொடுத்தீர்களோ இல்லையோ, உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்பார்கள். எங்கள் வீட்டுக்கு முதலில் கடிதம் வந்தது, உள்ளே நன்றியாகத் தபால்தலைகள். பிறகு லேப்டாப்போடு ஒரு அம்மா வந்தார். முக்கால் மணி நேரம், டீ ஆறிப்போனது. அந்தப் பின்கதவை அவரிடமும் சொன்னேன். ஜி.பி. பற்றிய கேள்வித்தாள் தபாலில் வந்தாலும், ஆஸ்பத்திரியிலிருந்து "எப்படி இருந்தது" என்று எஸ்.எம்.எஸ். வந்தாலும், நான் பதில் அனுப்பாமல் விட்டதில்லை. நம் ஆட்களில் பலர் இதை விளம்பரம் என்று குப்பையில் போடுகிறார்கள்.

நாளைக்கே இரண்டு பேரும் பக்கத்து ஜி.பி.யில் பதிவு செய்யுங்கள். விலாச ஆதாரமோ விசா தாளோ இல்லை என்று ரெசெப்ஷனில் தயங்கினால், பதிவுக்கு அது கட்டாயம் இல்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள். பிரசவத்துக்கு ஜி.பி.யின் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் மிட்வைஃப் பிரிவில் நீங்களே பதியலாம். ஐந்தாவது மாதம் என்கிறீர்கள், ஏற்கெனவே தாமதம். வீடு மாறின அன்றே இரண்டு இடத்திலும் புது விலாசம் சொல்லிவிடுங்கள்.