தனியாக ரங்கூன் போய் வந்ததில் எனக்கு என்ன தெளிந்தது?

தனியாக ஒரு பெருநகரத்துக்குப் போய் வந்தவர்களுக்கு வாழ்க்கையைப் பற்றிய பார்வை உண்மையிலேயே மாறுகிறதா, அல்லது அது வெறும் பேச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். என் விஷயத்தில், நகரத்தில் இருந்த நாள்களில் எதுவும் மாறவில்லை. ஊர் திரும்பிய பிறகு, அங்கே பார்த்தவற்றை அசைபோட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று விளங்கியது. அதை விளக்க எங்கள் குடும்பக் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பர்மாவில் மோல்மேனில் பிறந்து வளர்ந்தவள். தையல் வேலை செய்கிறேன். எங்கள் வீடுகளில் ரங்கூனுக்குப் போவதென்றால் ஆஸ்பத்திரி, கல்யாணம், பாஸ்போர்ட் என்ற மூன்றில் ஒன்றுக்காகத்தான் இருக்கும், அதுவும் துணையோடுதான். 2017-இல் தீபாவளி கழிந்ததும், காரியம் எதுவும் இல்லை, ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் சொன்னபோது, அங்கே யாரோ மாப்பிள்ளை இருப்பதாகவே சித்தி முடிவுகட்டிவிட்டார். நான் மறுக்க மறுக்க அவருடைய சந்தேகம் வலுத்ததால் மறுப்பதை விட்டுவிட்டேன்.

என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, ரங்கூனில் பிறந்தவர். கல்யாணமாகித்தான் மோல்மேன் வந்தார். அந்தக் காலத்தில் மோல்மேனிலிருந்து ரங்கூன் போக வேண்டுமானால் ஆற்றைப் படகில் கடந்து, எதிர்க்கரையில் மார்ட்டபானில் ரயில் ஏற வேண்டும். சால்வீன் ஆற்றின் மேல் 2005-இல் பாலம் திறந்த பிறகு ரயில் நேராகவே போகிறது. மொகல் தெரு, டல்ஹௌசி தெரு, பிரேசர் தெரு என்று அவர் சொல்லிச் சொல்லி, நான் பார்த்தே இராத ஒரு நகரம் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. இப்போது மொகல் தெரு ஷ்வேபோந்தா தெருவாகவும், டல்ஹௌசி தெரு மகாபந்தூலா சாலையாகவும், பிரேசர் தெரு அனவ்ரதா சாலையாகவும் இருக்கின்றன. ஆனால் 1852 ஆங்கிலேய-பர்மியப் போருக்குப் பின் ஆங்கிலேயர் கோடு போட்டு அமைத்த நகரம் அது. ஆற்றிலிருந்து மேலே ஏறும் சிறு தெருக்கள் பெரும்பாலும் இன்றும் எண்களாலேயே அழைக்கப்படுகின்றன, நடுவில் சூலே பகோடா என்ற புத்த கோவில் நிற்கிறது. தனியாகப் போகிறவர் அங்கே வழி தொலைப்பதுதான் கடினம்.

விடுதியில் அடையாள அட்டை கேட்டார்கள். எங்கள் நாட்டு அட்டையில் இனம், மதம் இரண்டும் எழுதியிருக்கும். அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த பையன், பகைமை ஏதும் இல்லாமல், "நீங்கள் எப்போது இங்கே வந்தீர்கள்?" என்று பர்மிய மொழியில் கேட்டான். இன்று காலை ரயிலில் என்றேன். அவன் கேட்டது அதுவல்ல என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். கூட அப்பா இருந்திருந்தால் நான்கு தலைமுறைக் கதையைச் சொல்லி, பள்ளியில் வைத்த பர்மியப் பெயரையும் சொல்லி, நாங்கள் இந்த ஊர்க்காரர்கள்தான் என்று நிரூபித்திருப்பார். துணையோடு போகும்போது அந்தப் பதிலை வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். என் வாயால் நான் என்ன சொல்வேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

ரங்கூன் நம் ஆட்களின் ஊர் என்று அப்பாயி சொன்னது மிகையில்லை. 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்ததும் பல லட்சம் பேர் கப்பலிலும், அரக்கான் வழியாகவும் அசாம் மலைகள் வழியாகவும் கால்நடையாகவும் கிளம்பினார்கள். வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். பிறகு 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது இன்னொரு பெரிய கூட்டம் கப்பலேறியது. என் தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர். அவருடைய பேரன் சென்னையில் பர்மா பஜாரில் கடை வைத்திருக்கிறான். பண்டிகை தவறாமல் போன் செய்வான். எங்கள் வீட்டுப் பேச்சில் போனவர்களுக்குத்தான் கதை உண்டு. நாங்கள் போக முடியாமல் மீந்தவர்கள். ஓடு மாற்றுவதா, வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டுவதா என்று எது பேசினாலும், "இருக்கப் போகிற இடமா இது?" என்ற கேள்வி யார் வாயிலிருந்தாவது வந்துவிடும். அதைக் கேட்டுக் கேட்டு, என் வாழ்க்கையே வேறொரு வாழ்க்கை தவறிப்போனதால் கிடைத்தது என்று நானும் எண்ணியிருந்தேன்.

ஒரு நாள் காலையில் காளி கோவிலுக்குப் போய்விட்டு, அனவ்ரதா சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் நடந்துகொண்டிருந்தேன். அங்குள்ள கட்டடங்களில் ஆறு ஏழு மாடிகள் இருக்கும், லிஃப்ட் இருக்காது. அதனால் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்கும். அதன் நுனியில் காகிதம் கவ்வுகிற கிளிப் ஒன்று கட்டியிருக்கும். கீழே இருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும். வேகவைத்த பட்டாணியைக் கூவி விற்றுக்கொண்டு வந்த பர்மியப் பெண் ஒருத்தி, ஒரு கயிற்றை இழுத்துவிட்டு, பட்டாணிப் பொட்டலத்தைக் கிளிப்பில் மாட்டினாள். கிளிப்பில் முன்பே மடித்துச் செருகியிருந்த நோட்டை எடுத்துத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டாள். ஐந்தாம் மாடியில் தலை நீட்டிய அம்மாள் கயிற்றை இழுத்துக்கொண்டே பர்மிய மொழியில் அளவு குறைந்திருப்பதாகச் சண்டை பிடித்தார், அதே மூச்சில் உள்ளே திரும்பி, "டேய், குளிச்சியா இல்லியா?" என்று தமிழில் யாரையோ அதட்டினார். நான் நிமிர்ந்து பார்த்தபடி நின்றதைக் கவனித்துவிட்டு, "எந்த ஊரு?" என்று கேட்டார்.

"மோல்மேன்."

"யார் வீட்டுக்கு வந்திருக்கே?"

"யார் வீட்டுக்கும் இல்லேக்கா. சும்மா பார்க்க வந்தேன்."

"சும்மாவா?" என்று சிரித்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். இதில் ஒன்றும் நடக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

நகரைச் சுற்றிவரும் வட்ட ரயிலிலும் ஒரு முறை முழுச்சுற்று போனேன். முப்பத்தொன்பது நிலையங்கள், சுமார் 46 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், டிக்கெட் அப்போது எங்கள் பர்மியப் பணத்தில் 200 சாட். டன்யின்கோன் நிலையத்தில் கீரைக்கட்டுகளையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஏறிய பெண்கள், எனக்கும் சேர்த்து இடத்தை ஒழுங்கு செய்துவிட்டு, தங்கள் கணக்கைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். தனியாகப் பயணம் செய்கிற பெண்ணுக்கு இதைவிடப் பத்திரமான கூட்டம் கிடைக்காது.

கடைசி முகலாய அரசரான பகதூர் ஷா ஜாபரின் கல்லறையையும் பார்த்தேன். 1857 கலகத்துக்குப் பின் ஆங்கிலேயர் அவரை இங்கே நாடு கடத்தினார்கள். 1862-இல் இங்கேயே இறந்தார். புதைத்த இடமே தெரியாமல் போய், 1991-இல் தோண்டியபோதுதான் தெரியவந்தது. அதற்கு மறுபக்கமாக, எங்கள் கடைசி பர்மிய அரசர் தீபா 1885-இல் இந்தியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, ரத்னகிரியில் 1916-இல் இறந்தார். அந்த இருவரையும் கேட்காமல்தான் அனுப்பினார்கள். அப்படியானால் எங்கள் தாத்தாவை யாராவது கேட்டார்களா என்ற எண்ணம் அங்கே நின்றபோது வந்தது. பசி வேளையானதால் அதை அதற்கு மேல் துரத்தவில்லை.

ஊர் திரும்பியதும், என்ன வாங்கி வந்தாய் என்பதைத் தவிர யாரும் எதையும் கேட்கவில்லை. மாப்பிள்ளை விஷயம் பொய்த்துப்போனதில் சித்திக்கு ஏமாற்றம். அந்தக் கல்லறையில் எழுந்த கேள்வி மட்டும் போகவில்லை. ஒரு நாள் மின்சாரம் இல்லாத மாலையில் அப்பாவிடம், 1964-இல் தாத்தா ஏன் கப்பலேறவில்லை என்று கேட்டேன். பணம் இல்லை, வழி இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அப்பா சொன்னது வேறு. தாத்தா தன் அண்ணனோடு பெயர் கொடுத்திருந்தாராம். ஆனால் முடோன் பக்கம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் நாற்று விட்டாகிவிட்டது. நட்டு, அறுத்து, நெல்லை விற்றுவிட்டுப் போகலாம் என்றாராம். அறுவடை நன்றாக இருந்தது. அடுத்த வருஷமும் நட்டார். அதற்குப் பிறகு கப்பலைப் பற்றி அவர் பேசவே இல்லையாம். "போக முடியாமப் போச்சுன்னு அப்பாயிதான் சொல்லுவா. அவளுக்கு அவ ரங்கூன் போயிடுச்சேன்னு வருத்தம்" என்றார் அப்பா.

ஆகவே நாங்கள் மீந்தவர்கள் அல்ல. ஒரு மனிதர் தன் நெல்லைப் பார்த்து எடுத்த முடிவு எங்களுடைய குடும்பம். இதை நான் அப்பாவிடம் எப்போது வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். ஆனால் ஐந்தாம் மாடியிலிருந்து பட்டாணிக்குச் சண்டை பிடித்த அந்த அம்மாளைப் பார்த்திராவிட்டால், கேட்கத் தோன்றியிருக்காது. அவரிடம் எதையும் இழந்தவரின் சாயலே இல்லை. அப்பாயியோடு போயிருந்தால், அந்தத் தெருவில் இல்லாமல் போனவர்களின் வீடுகளைத்தான் அவர் எனக்குக் காட்டியிருப்பார்.

தனிப்பயணம் செய்வது இவ்வளவுதான் என்பது என் கருத்து: நாம் பார்ப்பதற்கு முன்பே நமக்கு விளக்கம் சொல்லிவிடுகிற குரல் சில நாள்கள் கூட வருவதில்லை. அதனால் எல்லாருக்கும் ஏதாவது விளங்கும் என்று சொல்ல மாட்டேன். தனிமையில் தன்னைக் கண்டடைவது என்றெல்லாம் எழுதுகிறார்களே, அது எனக்கு நேரவில்லை. எனக்குத் தெரியவந்தது என் தாத்தாவைப் பற்றி. அடுத்த கோடையில் கூரையைப் பிரித்துப் புதிய தகடு போட்டோம், பின்னால் தையல் அறையும் கட்டினோம். சென்னைப் பையன் போனில், எப்போது இங்கே வந்துவிடப் போகிறீர்கள் என்று வழக்கம்போலக் கேட்டதற்கு, நீ வந்து எங்கள் வீட்டைப் பார் என்றேன்.

2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு எங்கள் பக்கம் பயணம் சுலபமாக இல்லை. வழியெங்கும் சோதனைச் சாவடிகள். நிலைமை சரியானால் மாண்டலேவுக்குப் போக எண்ணம். அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. அந்த ஊரைப் பற்றி வீட்டில் யாரும் எனக்கு ஒரு கதையும் சொன்னதில்லை.