முதலாண்டுக்கு ஒரே புத்தகம்: எதை எடுப்பது?

வணக்கங்க. கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்து படிக்க ஒரு புத்தகம் வேண்டும், குழு அறுநூறு பக்கச் சரித்திர நாவலைக் கேட்கிறது, வெளிமாநிலப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அறுநூறு பக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். முதல் இன்டர்னல் தேர்வு வருவதற்குள் பாதிப் பேர் நூறாம் பக்கத்தில் நின்றுவிடுவார்கள்.

என் ஓட்டு ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942இல் வந்தது, சின்னப் புத்தகம், நம்ம கொங்குப் பேச்சு. கணவனை இழந்தவள் கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். முடிவை நான் சொல்லப் போவதில்லை. பேச விஷயம் இங்கேதான் இருக்கிறது: பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டத்தைத் திருத்திவிட்டது. ஆனாலும் காங்கேயம், பெருந்துறைப் பக்கம் "அதான் நகை போட்டு அனுப்பினோமே" என்ற பேச்சு ஓய்ந்தபாடில்லை. கூட்டத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள், கடைசி பெஞ்ச் பையன்கூட வாயைத் திறப்பான். சண்டையே வந்தாலும் நல்லதுதான்.

தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய என்றால் பெருமாள்முருகனின் 'பூனாச்சி'. என். கல்யாணராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஆட்டுக்குட்டியின் கதை, யாருக்கும் பிடிபடும்.

அப்புறம், குழுவில் இருப்பவர்கள் ஓட்டுப் போடும் முன் புத்தகத்தை முழுசாகப் படித்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வையுங்கள். பிரதிகளுக்குக் கடைக்குப் போகாமல் பதிப்பகத்திடமே நேராக விலையில் கழிவு கேளுங்கள்.