கூட நடந்தவர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். போன வருடம் முதல்முறையாகக் கதிர்காமப் பாதயாத்திரை போனேன். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதிக் கோவிலிலிருந்து முழுத்தூரமும் இல்லை, வெருகலில் சேர்ந்துகொண்டேன். மட்டக்களப்புப் பக்கத்து மாமி ஒருவர் துணையாக வந்தார். அறுபது தாண்டியிருக்கும். திருக்கோவிலுக்குக் கிட்ட என் குதிக்காலில் பெரிய கொப்புளம். மாமி ஊசியை நெருப்பில் காட்டி, நூல் கோத்து, கொப்புளத்தின் ஒரு பக்கத்தால் விட்டு மறுபக்கத்தால் எடுத்து, நூலை அப்படியே விட்டுவிட்டார். விடியும்போது நீர் வடிந்து வற்றியிருந்தது. காட்டுக்குள் இரண்டுபேரும் ஒரே பாயில் படுத்தோம். என் அம்மாவுக்குக்கூடச் சொல்லாதவற்றை அவரிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த முதல் கிழமை ஒவ்வொரு நாளும் போன் எடுத்தேன். பிறகு கிழமைக்கு ஒருதரம். இப்போது பொங்கலுக்கு ஒரு வாட்ஸ்அப் படம். எடுத்தாலும் "சாப்பிட்டியா மகள்?", "ஓம் மாமி", அதற்குமேல் இரண்டுபேருக்கும் ஒன்றும் வருவதில்லை. வெட்கமாக இருக்கிறது.

அமெரிக்காவில் அப்பலாச்சியன் ட்ரெயில் என்ற நெடும் மலைப்பாதையை நடந்தவர்களின் வீடியோக்களை இப்போது விழுந்து விழுந்து பார்க்கிறேன். அங்கும் வழியில் சந்தித்தவர்கள் குடும்பம்போல் ஆகிவிடுகிறார்கள், கடைசி மலையில் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அவர்களுக்காவது அது நிலைக்கிறதா? இல்லை, நடைச் சினேகம் என்பதே களைப்பில் வரும் ஒரு மயக்கம்தானா? இந்த வருடமும் போக ஆசை. மறுபடி ஒருவரைக் கண்டுபிடித்து மறுபடி இழக்கவா என்றும் இருக்கிறது.

உவர்மலையிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

மயக்கம் என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுவோம். மயக்கத்தில் யாரும் அடுத்தவர் காலை மடியில் வைத்துக் கொப்புளத்துக்கு நூல் கோப்பதில்லை.

உங்கள் வீடியோக்களைப் பற்றி ஒன்று. அந்தப் பாதை ஜோர்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையில் முடிகிறது. ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர். ஒரே தடவையில் நடப்பவர்களுக்கு ஐந்து முதல் ஏழு மாதம் வரை எடுக்கும். அப்படி முடிக்க நினைத்துத் தொடங்குபவர்களில் நாலில் ஒருவர் அளவில்தான் முடிக்கிறார்கள். ஆகவே கடைசி மலையில் கட்டிப்பிடித்து அழுபவர்கள் எஞ்சியவர்கள். வழியில் பிரிந்துபோனவர்களில் ஒருவருக்கு முழங்கால், இன்னொருவருக்குக் கையில் காசில்லை, வேறொருவர் மற்றவர்களைவிட ஒரு நாள் வேகம். ட்ரெயிலையும் ஃபேமிலியையும் ஒட்டி 'ட்ராமிலி' என்று அவர்கள் சொல்லும் குடும்பம் வழியிலேயே பலதடவை உடைந்து ஒட்டியதுதான். உடைந்த இடத்தில் யாரும் கமராவைத் தூக்குவதில்லை.

அந்தப் பாதையை முழுதாக ஒரே தடவையில் நடந்ததாக முதலில் அறிவித்தவர் ஏர்ல் ஷாஃபர். 1948. இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய். அந்த நடையை அவர் தன் சிறுவயதுச் சினேகிதனோடு சேர்ந்து நடப்பதாகத்தான் இருந்தது. அவன் ஜப்பானின் இவோ ஜிமாத் தீவுச் சண்டையில் செத்துப்போனான். இவர் தனியாக நடந்தார். சரியாக 50 வருடம் கழித்து, 1998இல், எண்பதை எட்டும் வயதில் மறுபடியும் அதே பாதையை முடித்தார். போரில் ஆட்களைக் கொடுத்த ஊர் நமது. இந்தக் கதைக்கு உங்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

(அப்புறம் எம்மா கேட்வுட் என்ற பாட்டி. பதினொரு பிள்ளை பெற்றவர். 1955இல், 67 வயதில், கன்வஸ் சப்பாத்தும் தோளில் ஒரு துணிப்பையுமாக முழுப் பாதையையும் தனியாக நடந்தார். கூடாரமும் இல்லை, ஸ்லீப்பிங் பாக்கும் இல்லை. உரப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு, காட்டுவழி தொடங்கும் உகந்தையைத் தாண்டும் நம் அம்மாக்களைக் கண்டிருந்தால், கூடக் கொஞ்சத்தூரம் நடந்திருப்பார்.)

நீங்கள் அங்கே பார்த்து ஏங்குகிறீர்கள். அங்கிருந்து வந்த ஒருவர் இங்கே நடந்தார் என்பதும் தெரிந்திருக்கட்டும். பட்ரிக் ஹரிகன் 1972இல் இந்த யாத்திரையை நடந்தவர். போரில் நின்றுபோன நடையை 1988இல் மறுபடி தொடக்கியதிலும் முன்நின்றவர்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்கும் ஒருவர் இருந்தார்.

நிலாவெளிப் பக்கம், உப்பளத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும், கிண்ணியாப் பாலத்தில் வைத்துக் கூட வந்தார். அவருக்குக் கொப்புளமே வராது. "உப்பில ஊறின கால் சாமி" என்பார். ஆனால் குதி முழுக்க வெடிப்பு. இரவில் அதற்குள் தேங்காயெண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார். மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை, மாமாங்கம் எல்லாம் தாண்டினோம். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் போனோம். (வெளியூர் வாசகர்களுக்கு: கிழக்கில் 'பாதை' என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. நடப்பவன் நிற்க, அவனைச் சுமந்துகொண்டு பாதை நகரும். இந்தச் சொல்லில் எனக்கு ஒரு பிரியம்.)

அவரிடம் எனக்கிருந்த ஒரே எரிச்சல், அவர் பாட்டு. விடிய நாலு மணிக்கு ஒரே பாட்டை ஒரே இடத்தில் ஒரே பிழையோடு பாடுவார். மூன்று கிழமை பொறுத்தேன். குமுக்கன் ஆறு தாண்டி, நாவலடியில் படுத்து எழும்பிய காலை, அவர் பாயைச் சுருட்டும் முன்னரே நான் பொடியன்கள் கூட்டம் ஒன்றோடு கிளம்பிவிட்டேன். சொல்லவும் இல்லை.

காட்டுக்குள் அடுத்த தங்குமிடமான வியாழைக்கு நேரத்தோடு வந்துவிட்டேன். குளித்தேன், சோறு தின்றேன், மரத்துக்கடியில் படுத்தேன். பின்னேரமாகியும் அவர் வரவில்லை. யானை நடமாட்டம் என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். நான் எழும்பி வந்த வழியே கொஞ்சத்தூரம் போவதும் திரும்புவதுமாக இருந்தேன். மைம்மலில் வந்தார், காலை இழுத்துக்கொண்டு. இடுப்புத் துவாயில் சுற்றியிருந்த போத்தலை எடுத்து நீட்டினார். பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.

"விடியவே போயிட்டீங்க சாமி. தண்ணி எடுக்கல்ல எண்டு நினைச்சன்."

என் பையில் இரண்டு போத்தல் முட்டமுட்ட இருந்தது. அதைச் சொல்லாமல் அவர் தண்ணீரைக் குடித்தேன்.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் குளித்துப் பிரிந்தோம். நம்பர் வாங்கினேன். இரண்டுமுறை எடுத்தேன். உங்களுக்கு நடந்ததேதான்: "சுகமா?", "சுகம்". பிறகு எடுக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் திருகோணமலை பஸ் நிலையத்தில் கண்டேன். முதலில் மட்டுக்கட்ட முடியவில்லை. ஒரு மாதம் காவி வேட்டியில் கண்ட மனிசன், நீளக் காற்சட்டையும் சட்டைப்பையில் கண்ணாடிக் கூடுமாக நின்றார். "எப்படி?" "இருக்கிறன்." "வீட்டில?" "எல்லாரும் சுகம்." இரண்டுபேரும் பஸ் போர்டைப் பார்த்தோம். அவர் என்னைத் தம்பி என்பதா சாமி என்பதா என்று தடுமாறியது தெரிந்தது. நிலாவெளி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. சும்மா நிற்கச் சங்கடப்பட்டு, "கோணேசருக்குப் போயிட்டு வருவமா?" என்றேன்.

கோட்டை வாசல் வரை பேச்சில்லை. உள்ளே நிழலில் மான்கள் படுத்திருந்தன. ஒன்று யாரோ போட்ட வாழைப்பழத்தோலைச் சப்பிக்கொண்டிருந்தது. ஏற்றம் தொடங்கியதும் அவர் இடதுபக்கம் வந்தார். யாத்திரையிலும் இடதுபக்கம்தான். பத்துப் பதினைந்து அடியில் கால்கள் ஒத்துக்கொண்டன. அவர் முனகத் தொடங்கினார், அதே பாட்டு, அதே இடத்தில் அதே பிழை. அதற்குப் பிறகு மலையுச்சி வரை நாங்கள் வாயை மூடவில்லை. மகளின் கலியாணம் குழம்பியதைச் சொன்னார். வியாழையில் என் பைக்குள் இருந்த இரண்டு போத்தலை நான் சொன்னேன். "தெரியும். பை பாரமாத்தானே கிடந்தது" என்றார். இறங்கி வந்து பஸ் நிலையத்தில் நின்றோம். பேச்சு நின்றுவிட்டது. "அப்ப நான் வாறன்" என்று ஏறிவிட்டார்.

அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. எங்களுக்குள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எங்கள் கதை கால்களில் இருந்தது. நடக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, இருவர் கண்ணும் வழியில். அடுத்த தண்ணீர் எங்கே, அன்னதானத்தில் என்ன கறி, எந்த மரத்தில் நிழல் என்று கதைத்துக்கொண்டு போகும்போது, பெரிய விஷயம் ஒன்று இடையில் தானாக விழும். அம்மாவிடம் சொல்லாததை மாமியிடம் சொன்னதும் அப்படித்தான். அவர் திரும்பி உங்களைப் பார்த்திருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பீர்கள். இன்னொன்று, நம் யாத்திரையில் எல்லாருக்கும் ஒரே பெயர், சாமி. அப்பலாச்சியனிலோ ஆளுக்கொரு பட்டப்பெயர், மற்றவர்கள் வைப்பது. இரண்டிலும் வீட்டுப்பெயர் வீட்டில்தான். போனில் நீங்கள் கூப்பிடுவது அந்த வீட்டுப்பெயர்காரியை. அடுப்பில் உலை, பேரப்பிள்ளைக்கு ஸ்கூல் வேன், பக்கத்தில் மருமகள். அவர் "சாப்பிட்டியா"வுக்கு மேல் என்ன சொல்லுவார்?

அமெரிக்கப் பாதையில் எனக்குப் பிடித்த ஒரு பழக்கம் உண்டு. வழி நெடுக இராத்தங்கும் கொட்டில்களில் ஒரு கொப்பி கிடக்கும். முன்னால் போனவர்கள் பின்னால் வருபவர்களுக்கு அதில் எழுதிவைப்பார்கள். அடுத்த ஊற்று வற்றிவிட்டது, கரடி திரிகிறது, இன்ன பெயர்காரர் ஒரு நாள் பிந்தி வருகிறார் என்று. சுகமா என்று கேட்டு அதில் எழுதுபவர்கள் குறைவு. மாமிக்கு நீங்களும் அப்படி அனுப்பிப் பாருங்கள். வெருகல் ஆற்றில் இப்போது எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, போன முறை வெறுங்காலில் போனது தப்பு, இந்தமுறை செருப்போடு வரட்டுமா, இப்படி.

போகவா வேண்டாமா என்றால், போங்கள். மாமாங்கத்தில் சந்திக்கலாம் என்று மாமியிடம் சொல்லுங்கள். அவருக்கு முழங்கால் விடாது என்றால் உகந்தைக்கு பஸ்ஸில் வரட்டும், காட்டுவழி மட்டும் சேர்ந்து நடக்கலாம். அதுவும் முடியாவிட்டால் தனியாகப் போங்கள். வேறு யாரோ ஒருவருடைய வேகம் உங்கள் காலுக்கு ஒத்துவரும், அது நம் கையில் இல்லை. பொடியன்கள் கூட்டத்தோடு மட்டும் விடிய முதல் கிளம்பாதீர்கள்.

அந்த நூல் விஷயம். டொக்டர்மார் நூலைக் கொப்புளத்துக்குள் விட்டுவைப்பதை விரும்புவதில்லை, அழுக்கு ஏறிப் புண்ணாகும் என்பார்கள். இன்றைக்கே மாமிக்குப் போன் எடுத்து இதைச் சொல்லுங்கள். அது வெறும் தையல் நூலா, மஞ்சளில் தோய்த்ததா என்றும் கேளுங்கள். அரை மணித்தியாலத்துக்குக் குறைந்து விடமாட்டார்.

அன்புடன்,
அண்ணன்